கலங்கல்

கைதக்குளத்துக் கரையின் அடியில்,
புளியமூட்டுக்குத் தெற்கே பத்தடி தள்ளி
ஒரு கசிவு உண்டு.
சுண்டுவிரல் பருமன்.
நான் துபாய்க்குப் போகும்போதும் இருந்தது,
திரும்பி வந்தபோதும் இருந்தது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதைப் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள் லீலாபாய்.
தினக்கூலி லஸ்கர்.
ஷட்டர் சாவி தோளில்,
சம்பளம் மூன்று மாதம் பாக்கி.
"தெளிஞ்சி வந்தா வரட்டும் அண்ணே,
கரைக்கும் வேர்க்கும்.
கலங்கி வந்தா உறங்கப்படாது.
அப்போ வாறது வெள்ளம் இல்ல, கரை."

எங்கள் ஊரில்
குடிப்பதும் வெள்ளம், குடி கெடுப்பதும் வெள்ளம்.
ஒரே சொல்.

நண்டு வளைகளை எண்ணுவாள்.
பெருச்சாளி தள்ளிய புதுமண்ணை முகர்வாள்.
ஓகியில் சாய்ந்த அயினியின் வேர்
கரைக்குள் மக்கும் இடத்தில்
கம்பியை இறக்கி, காது கொடுப்பாள்.
ரப்பர்த் தோட்டத்துக்கு வழி வெட்ட
ஜேசிபி கடித்த இடத்தில் செத்த நேரம் நிற்பாள்.
கடைசியாக என் சுவர்.

மறுகால் ஓடையில் ஓட்டத்தைக் கண்டு வருஷமாகியிருந்தது.
எனக்கு ஏழரை சென்ட்.
ஓடையிலிருந்து ஒன்றரை சேர்த்துக் கட்டினேன்,
ஹாலோபிளாக், உச்சியில் கண்ணாடிச் சில்லு.
"மறுகால் பாஞ்சா வெள்ளம் எங்க போவும்?" என்றாள்.
"எப்போ பாஞ்சது?" என்றேன்.
நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனாள்.
புகார் என்று நினைத்தேன்.
வார்டு மெம்பரிடம் சொல்லியும் வைத்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் மழை.
மூன்றாம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினாள்.
எதுவும் பேசவில்லை.
பாட்டிலைப் படியில் வைத்து
செல்போன் வெளிச்சம் அடித்தாள்.
பால் விட்ட சாயா நிறம்.

கீழே ஏலா.
ஏலாவின் ஓரம் பதினாலு வீடு,
ஓர் அங்கன்வாடி, மேரிபுஷ்பத்தின் சினைப்பசு.

ஓடி மூடப் போனவர்களை அதட்டினாள்.
"வாயைப் பொத்தினா வேற எடத்துல பொட்டும்!"
முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல்.
வெள்ளம் போகட்டும், மண் நிற்கட்டும்.
கோயில் மண்டபத்துக்கு இறக்கிய மணல்
உரச்சாக்கில் தலைமாறித் தலைமாறி வந்தது.
பங்குத்தந்தையும் ஒரு சாக்கு சுமந்தார்,
லுங்கியில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

இனிக் குளம் இறங்க வேண்டும்.
யாரும் சொல்லவில்லை.
டார்ச்சுகள் எல்லாம் என் சுவரில் வந்து நின்றன.

கடப்பாரையை முதலில் எடுத்தது நான் என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
முதல் அடி எபனேசரின் மகன் அடித்தது.
நான் கேட் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.
மூன்றாம் வரிசைக் கல் பெயர்ந்த பிறகே
கை நீட்டினேன்.

நான் இல்லையென்ற ஓடையை
வெள்ளம் மறந்திருக்கவில்லை.
துணிக்கல்லை, பைக்கை,
குலை தள்ளிய இரண்டு மூடு மட்டியை எடுத்துக்கொண்டு
பழைய வளைவுகள் ஒன்றுவிடாமல் வளைந்து போனது.

விடிந்தபோது படியில் பாட்டில் அப்படியே இருந்தது.
மேலே தெளிவு.
அடியில் ஒரு விரற்கடை கரை.
லீலாபாய் மேல்நீரைச் சாய்த்துவிட்டு,
அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கரையில் தட்டி
குதிகாலால் மிதித்தாள்.

நோட்டை என் திண்டில் வைத்துவிட்டு
சாயா குடிக்கப் போயிருந்தாள். புரட்டினேன்.
நாற்பது பக்கம்: தெளிவு, தெளிவு, தெளிவு.
நடுவில் ஓரிடத்தில் என் சுவர்:
"அஞ்சடி உயரம். கம்பி இல்லை.
உடைக்க நாலு ஆள், முக்கால் மணிக்கூர்."

எங்களுக்கு ஒரு மணிக்கூர் ஆயிற்று.
அந்தக் கால் மணிக்கூர் யாருடையது என்று
அவளும் கேட்கவில்லை.